நாற்பது குரல் மோட்டெட்

கேள்வி: நாற்பது பேர் நாற்பது வெவ்வேறு மெட்டு வரிசைகளைப் பாடும் தேவாலய இசை உண்டாமே? அது வெறும் இரைச்சலாகிவிடாதா?

பதில்: இங்கிலாந்தின் தாமஸ் டாலிஸ் 1570 வாக்கில் இயற்றிய ‘ஸ்பெம் இன் ஆலியம்’ என்ற லத்தீன் மோட்டெட்டை, அதாவது பல குரல்களுக்கான சமயப் பாடலைத்தான் குறிப்பிடுகிறீர்கள். குழுவுக்கு ஐவராக எட்டுக் குழுக்கள். இன்று பெரும்பாலும் வாத்தியமின்றியே பாடுகிறார்கள். ஒற்றைக் குரல் எடுத்துக்கொடுக்கும் மெட்டை அடுத்தடுத்த குரல்கள் பற்றிக்கொள்ள, இசை முதல் குழுவிலிருந்து எட்டாவது குழு வரை நகர்ந்து, நாற்பதும் ஒன்றுகூடி முழங்கியபின், எதிர்த்திசையில் திரும்பி வருகிறது. எல்லாரும் எந்நேரமும் பாடுவதில்லை என்பதால் இரைச்சலாவதில்லை. பாடலின் சொற்கள் தெளிவாகக் காதில் விழாது என்பது மெய்தான்; ஆனால் முடிவுக்குச் சற்றுமுன் அனைவரும் சட்டென நின்று, ‘எங்கள் தாழ்மையைக் கண்ணோக்கும்’ என்ற வேண்டுதலை ஒருசேர எடுக்கும் இடம், என்னைக் கேட்டால், அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது.