அப்பா மீசையை மழித்தால் மகள் ஏன் அழுகிறாள்?

கேள்வி: எங்கள் மகளுக்கு மூன்றரை வயது. என் கணவர் மீசையை மழித்த அன்று அவரிடம் போகவே மறுத்து அழுதாள். அவள் கண்ணெதிரிலேயே நான் முகமூடி மாட்டினாலும் அலறுகிறாள். ‘அம்மாதான்’ என்று சொல்லியும் பயனில்லை. அறிவு வளர்ச்சியில் ஏதேனும் குறையா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் குறை எதுவும் எனக்குத் தென்படவில்லை. தோற்றம் மாறினாலும் ஆள் மாறுவதில்லை என்பது நமக்கு யோசிக்காமலே விளங்குகிறது. இந்த வயதுக் குழந்தைக்கோ அது இனிமேல்தான் மெல்ல மெல்லப் பிடிபட வேண்டும்.

உளவியலாளர் ரீட்டா டிவ்ரைஸ் 1969இல் வெளியிட்ட ஆய்வில், மேனார்டு என்ற சாதுவான பூனையைக் குழந்தைகளுக்குக் காட்டிய பின், அதன் முன்பாதியை மறைத்து, வால்பகுதி மட்டும் அவர்கள் பார்வையிலேயே இருக்கும்படி வைத்துக்கொண்டு, முகத்தில் நாய் முகமூடியை மாட்டினார். மூன்று வயதினர் பலர் அது நாயாகிவிட்டதாகவே நம்பினர். ஆறு வயதினர் பெரும்பாலும் அது பூனைதான் என்றனர். 1980களில் ஜான் ஃபிளேவெல் குழுவினர் பாறைபோல் தோன்றும் ஸ்பாஞ்சைக் கொடுத்துப் பார்த்தபோது, அதை அமுக்கிப் பார்த்த மூன்று வயதினர் பலர், ‘இது ஸ்பாஞ்ச், பார்க்கவும் ஸ்பாஞ்ச் மாதிரிதான் இருக்கிறது’ என்றனர். ஒரு பொருள் ஒன்றாக இருந்துகொண்டே வேறொன்றாகத் தெரியலாம் என்ற இரண்டையும் அவர்களால் ஒருசேர மனத்தில் நிறுத்த முடியவில்லை. உங்கள் மகளின் நிலையும் இதுவே: குரல் அம்மா என்கிறது, முகம் வேறு யாரோ என்கிறது, கண் சொல்வதே வெல்கிறது.

ஆகவே விளக்கிச் சொல்வதைவிட, மாற்றத்தை அவள் கையிலேயே கொடுப்பது நல்லது. முகமூடியை முதலில் பொம்மைக்கு மாட்டட்டும். பிறகு கண்ணாடி முன் நின்று தானே மாட்டிக் கழற்றட்டும். அவளாகக் கேட்டால் மட்டும் உங்கள் முகத்தில் வைக்கட்டும், பேசிக்கொண்டே இருங்கள். அப்பாவிடம் போகும்படி வற்புறுத்த வேண்டாம். அவர் வழக்கமான விளையாட்டைச் சற்றுத் தள்ளி அமர்ந்து தொடங்கினால், அவளே நெருங்கி வருவாள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: முகமூடியைக் காட்டி மிரட்டிச் சாப்பிடவைக்காதீர்கள். நமக்கு அது வேடிக்கை; அவளுக்கு அங்கே நிற்பது உண்மையான பூச்சாண்டி.

பயம் வாரக்கணக்கில் நீடித்து உறக்கத்தையோ உணவையோ கெடுத்தால், அல்லது முகமூடி எதுவும் இல்லாதபோதும் வீட்டாரை அவள் இனம் கண்டுகொள்ளாவிட்டால், குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.