கூட்டு ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் உங்கள் வாக்கு

கொழும்பில் ஒரு தொழிற்சாலைக் கிளைச் சங்கத்துக்குப் பல வருடம் செயலாளராக இருந்தவன் நான். சம்பளம், வேலை நிபந்தனைகள் பற்றிச் சங்கமும் நிர்வாகமும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தம் குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஐயா, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சங்கத் தலைவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். செல்லுமா? (இரத்மலானை)

பெரும்பாலும் செல்லும், தம்பி. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டப்படி ஒப்பந்தம் தொழில் ஆணையாளருக்குப் போய், வர்த்தமானியில் வந்தால் நடைமுறைக்கு வரும். உறுப்பினர் வாக்களித்தார்களா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. கேட்க வேண்டியது உங்கள் சங்கத்தின் யாப்பு, அதாவது அதன் விதிகள். செயலாளரிடம் அதை வாங்கிப் படியுங்கள். பொதுக்கூட்ட அங்கீகாரம் வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் விடாதீர்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் சேர்க்கச் சொல்லிப் பிரேரணை கொடுங்கள்.

கை தூக்கினால் போதாதா? எதற்கு வாக்குச் சீட்டு? (கிராண்ட்பாஸ்)

நாங்களும் ஒருமுறை கன்டீனில் கைதான் தூக்கினோம். தேநீர் கவுண்டர் பக்கம் மனிதவள மேலாளர் கிளாஸோடு நின்றார், ஏதோ தற்செயலாக வந்தவர் போல. எல்லாக் கையும் மேலே போனது. மறுநாள் கேட்டால், சம்மதித்தவன் ஒருத்தனும் இல்லை! அப்புறம் பிஸ்கட் டின் மூடியில் துளை போட்டு, சிங்களத்திலும் தமிழிலும் சீட்டு அடித்து மறுபடி எடுத்தோம். 'வேண்டாம்' வென்றது. காரணம் சம்பளத் தொகை இல்லை. நிலுவைச் சம்பளத்தை மூன்று தவணையாகத் தருவோம் என்ற பிரிவு சிங்கள வரைவில் மட்டும்தான் இருந்தது. தமிழில் வாசித்துக் காட்டியவர் அதைத் தாண்டிப் போயிருந்தார். இதில் என் தவறும் உண்டு, நான் ஒத்துப் பார்க்கவில்லை.

நான் சங்கத்தில் இல்லை. எனக்கும் ஒப்பந்தச் சம்பள உயர்வு வருமா? (வத்தளை)

ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிராவிட்டால் வரும். சங்க வாக்கெடுப்பில்தான் உங்களுக்குச் சீட்டு இல்லை.

நிர்வாகம் பேசவே வரமாட்டேன் என்கிறது. (பேலியகொடை)

கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, எந்தத் தொழிலாளர்களுக்காகப் பேசுகிறீர்களோ அவர்களில் 40 வீதத்துக்குக் குறையாதோர் உங்கள் உறுப்பினர் என்றால், மறுப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை. உத்தியோகத்தரையும் சேர்த்து எண்ணி, உங்களிடம் 40 வீதம் இல்லை என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பெயர்ப் பட்டியலோடு நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்குப் போங்கள்.

ஹற்றனில் அம்மாவிடம் யாரும் வாக்குக் கேட்டதே இல்லையே, அண்ணா? (வெள்ளவத்தை)

மலையகத் தேயிலைத் தோட்டங்களின் நிலை அதுதான், தங்கச்சி. நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 1000 ரூபாய் வேண்டும் என்று கொழும்பு வரை வந்து போராடினார்கள். 2019 ஜனவரியில் கையெழுத்தானது 700. 2021இல் படியும் சேர்த்து 1000 ரூபாய் வந்தது சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் தீர்மானிக்கும் சம்பள நிர்ணய சபை வழியாக, கூட்டு ஒப்பந்தத்தால் அல்ல. வாக்கெடுப்பு இருந்திருந்தால் 700 தேறியிருக்காது என்பது என் எண்ணம்.

'வேண்டாம்' வென்றால் உடனே வேலைநிறுத்தமா? (தெமட்டகொடை)

இல்லை, மறுபடி பேச்சுவார்த்தைதான். வேலைநிறுத்தத்துக்குத் தனியாக வாக்கெடுங்கள், இரண்டையும் ஒரே சீட்டில் கலக்காதீர்கள். சீட்டின் அடியில் 'எந்தப் பிரிவு பிடிக்கவில்லை?' என்று ஒரு கோடு விடுங்கள். அடுத்த சுற்றுக்குப் போகும்போது அந்தச் சீட்டுக்கட்டையும் பையில் கொண்டு போங்கள்.