பரணில் கிடக்கும் பழைய கணினியை அருங்காட்சியகத்தில் சேர்ப்பது எப்படி? கேள்வி பதில்

கும்பகோணம்: அப்பாவின் அச்சகத்தில் இருந்த 386 கணினி (இன்டெல் 386 சிப் போட்ட பழைய பிசி) பரணில் கிடக்கிறது. ஓடினால்தானே எடுத்துக்கொள்வார்கள்? ஒருமுறை ஆன் பண்ணிப் பார்க்கட்டுமா சார்?

வேண்டாம். அந்தக்காலப் பவர் சப்ளைகள் சிலவற்றில் காகித மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்) இருக்கும். அவற்றின் மேலுறையில் விரிசல் விட்டு ஈரம் இறங்கியிருந்தால், மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் புகைந்துவிடும். அருங்காட்சியகத்துக்கு அசல் பாகங்கள்தான் முக்கியம், ஓட்டம் அப்புறம்தான்.

அவசரமாகப் பார்க்க வேண்டியது பேட்டரி. மூடியைக் கழற்றினால், மதர்போர்டில் பெரும்பாலும் கீபோர்டு சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் துண்டு மாதிரி ஓர் உருளை தெரியும்: 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம். சுற்றிலும் பச்சை பூத்திருந்தால் கசிந்துவிட்டது, செம்புத் தடங்களை அரித்துக்கொண்டிருக்கிறது. முதலில் போட்டோ எடுங்கள். பிறகு இரண்டு கால்களையும் கட்டர் வைத்து வெட்டி எடுங்கள். கசிந்தது காரம் என்பதால் வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டு ஒற்றி, காய்ச்சி வடித்த தண்ணீரால் துடைத்து, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தடவிக் காயவிடுங்கள். காட்மியம் நஞ்சு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பேட்டரியை மின்னணுக் கழிவில் சேருங்கள். வேறு எதையும் துடைக்கவோ பெயின்ட் அடிக்கவோ வேண்டாம்.

மன்னார்குடி: பெட்டியோடு வேறு என்ன கொடுக்கலாம்?

பில், கையேடு, ஃபிளாப்பி, கீபோர்டில் ஒட்டிய தமிழ் எழுத்து ஸ்டிக்கர், அதில் அச்சான ஒரு கல்யாணப் பத்திரிகை: எல்லாமே. ஒரே மாதிரி 386 நிறைய உண்டு; இன்ன ஊரில் இன்ன வேலை செய்தது என்ற சான்றுள்ள 386 அபூர்வம். 1999இல் சென்னையில் தமிழ்நெட் என்ற தமிழ்க் கணினி மாநாட்டில் தரப்படுத்தும் முயற்சி நடப்பதற்கு முன்பு, தமிழ் எழுத்துகளைக் கணினியில் பதிய ஒவ்வொரு எழுத்துருவும் (ஃபாண்ட்) தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. அந்த எழுத்துரு ஃபிளாப்பி போய்விட்டால் கோப்பு திறந்தாலும் குப்பையாகத்தான் தெரியும். ஃபிளாப்பியில் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். டிரைவின் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த ஃபிளாப்பியையும் கெடுக்கும்.

மயிலாடுதுறை: தஞ்சாவூர் அரண்மனையில் கேட்கலாமா? வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டா?

அரண்மனைக் கலைக்கூடம் சோழர் செப்புத் திருமேனிகளுக்கான இடம். பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கு எழுதிப் பாருங்கள். உங்களுடையது எஸ்சிஎல் யூனிகார்ன், அதாவது பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணினியின் இந்தியத் தயாரிப்பு என்றால், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள கணினி வரலாற்று மையத்தையும் கேளுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். மாடல் எண், பின்பக்கத் தகட்டின் படம், உள்ளே வெளியே நாலைந்து படங்கள், யார் எதற்கு வைத்திருந்தார் என்று அரைப் பக்கம்: இவ்வளவு போதும். 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வருஷத்துப் பொருள்களுக்கே. கணினி அதில் வராது. சுங்க விதிகளை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினம்: கணினி காலமான அப்பாவுடையது, உயில் இல்லை. அம்மா, அண்ணன், நான். நான் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதுமா ஐயா?

போதாதும்மா. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பேருக்கும் சம பங்கு. மூவரும் கொடைக் கடிதத்தில் கையெழுத்திடுங்கள். அசையும் பொருளை ஒப்படைத்தாலே கொடை செல்லும், பத்திரப்பதிவு தேவையில்லை. ‘எப்போதும் காட்சியில் வைக்க வேண்டும்’ என்ற நிபந்தனையை யாரும் ஏற்கமாட்டார்கள். ‘வேண்டாமென்றால் முதலில் எங்களுக்குத் தெரிவியுங்கள்’ என்று கேளுங்கள். பொருளாகக் கொடுப்பதற்கு வருமான வரியில் நன்கொடைச் சலுகை கிடையாது.

திருவாரூர்: வைக்கோல் அடைத்து அனுப்பலாமா?

கூடாது, ஈரமும் பூச்சியும் சேர்ந்து போகும். ஃபோம் ஷீட் போடுங்கள், பழைய குழாய் மானிட்டரைத் திரை கீழே இருக்கும்படி வையுங்கள், கனம் முன்பக்கம்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லாரியில் ஏற்றாதீர்கள், தை பிறக்கட்டும்.