பட்டா அண்ணன் பெயருக்கு மாறிவிட்டால் கல்யாணமான பெண்ணுக்குச் சொத்தில் பங்கு போய்விடுமா?

கேள்வி கேட்டவர் மூன்றே வரி எழுதியிருக்கிறார். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், நிலத்தின் பட்டா அண்ணன் பெயருக்கு மாறிவிட்டது, தனக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிறது, இனிமேல் கேட்க முடியுமா என்று. அந்த "இனிமேல்" என்ற சொல்லைப் படித்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒன்பது வருஷம் நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தவள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். போகாது. பட்டா வருவாய்த் துறையின் பதிவு. இந்த நிலத்துக்கு யாரிடம் தீர்வை வசூலிப்பது என்பதற்காக வைத்திருக்கும் கணக்கு. உரிமை வருவது கிரயப் பத்திரத்தால், பாகப்பிரிவினையால், தானத்தால், உயிலால், இவை எதுவும் இல்லையென்றால் வாரிசு என்ற முறையில். பட்டாவில் பெயர் மாறுவதால் மட்டும் ஒருவருக்கு உரிமை வந்துவிடாது, இன்னொருவருக்குப் போய்விடவும் போகாது என்று உச்ச நீதிமன்றம் ஒரு முறை இல்லை, பல முறை சொல்லியிருக்கிறது.

நான் வக்கீல் இல்லை. சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் சொல்வது இந்து வாரிசுரிமைச் சட்டப்படி. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் சட்டம் வேறு. "அரைகுறையாகத் தெரிந்துகொண்டு எழுதுகிறாள்" என்று யாராவது கீழே எழுதலாம். எழுதட்டும். என் நிலத்தின் அளவில் எனக்கு எல்லாம் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு சென்ட்டுக்கும் அலைந்திருக்கிறேன்.

கேட்டவர் எழுதாத ஒன்றையும் நான் ஊகிக்கிறேன். எங்கேயோ ஒரு கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதை நினைத்துத்தான் பயம்.

நான் போட்டேன். 2011-இல் அப்பா தவறினார். எங்கள் ஊர் கோபி பக்கம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மதியம் பந்தி எல்லாம் ஓய்ந்து, பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "அம்மிணி, இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்று அண்ணன் கூப்பிட்டார். ஒரு வெள்ளைத்தாள். அடியில் வைத்து எழுத மொய் நோட்டைக் கொடுத்தார்கள். "பட்டா மாறுதல் செய்ய எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதியிருந்தது. கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போட்டேன், அப்படியும் ஈரம் பட்டு இனிஷியல் கலைந்து நீலமாகப் படர்ந்தது. தங்கையும் போட்டாள். அம்மா எழுந்து வரும் நிலையில் இல்லை, பாயிலிருந்தபடியே கைநாட்டு வைத்தார். யாரும் எங்களை மிரட்டவில்லை, ஏமாற்றியதாகவும் சொல்ல மாட்டேன். அண்ணனுக்கே அந்தத் தாளுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாது. ஊரில் அப்படித்தான் செய்வார்கள், அதனால் அவரும் செய்தார்.

அதோடு முடிந்தது என்று இருந்தேன். பொங்கலுக்குப் போனால் அண்ணி ஒரு மூட்டை அரிசி, நாலு தேங்காய் கொடுத்து அனுப்புவார். என் நிலத்தில் விளைந்ததில் எனக்கும் கொஞ்சம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் கொடுக்கிறார் என்றுதான் தோன்றியது. இதைத்தான் கேட்டவர் யோசித்துப் பார்க்க வேண்டும்.

2020-இல் அண்ணன் தோட்டத்தை விற்க முன்பணம் வாங்கினார். வாங்க வந்தவர் திருப்பூர்க்காரர், விவரமானவர். அவருடைய வக்கீல் மூலப்பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கம் (அந்த நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்), அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வாரிசுச் சான்றிதழில் நாலு பெயர்: அம்மா, அண்ணன், நான், தங்கை. "நாலு பேரும் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கிரயம், பட்டாவை மட்டும் வைத்து வாங்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் என் வீட்டுக்கு வந்தார், சத்தியமங்கலத்துக்கு. ஒரு சீப்பு பூவன்பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "ரிஜிஸ்டர் ஆபீஸ் வரைக்கும் ஒரு நடை வந்துட்டுப் போ கண்ணு, ஒரு மணி நேர வேலை" என்றார்.

"பட்டாதான் உங்க பேருல இருக்குதே அண்ணா, நான் எதுக்கு?" என்று கேட்டேன். சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டேன். அவர் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார், குடிக்காமல் திரும்ப வைத்தார். அந்தச் சொம்பு மேசையில் பட்ட சத்தத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

மறுநாளே கோபியில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அந்த வெள்ளைத்தாளைப் பற்றித்தான் முதலில் அழுகையோடு சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பதிவு பண்ணினீங்களா?" இல்லை. "அப்படின்னா உங்க பாகம் உங்ககிட்டத்தான் இருக்குது." நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தில் ஒருவர் தன் உரிமையை விட்டுக்கொடுத்தால் அது பதிவு செய்யப்பட்ட பத்திரமாக இருக்க வேண்டும். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. விடுதலைப் பத்திரம் என்று எழுதி, சார்பதிவாளர் முன்னால் கையெழுத்தும் ரேகையும் வைத்திருந்தால் கதையே வேறு, அதை உடைப்பது பெரும்பாடு. கேட்டவர் முதலில் இதைத்தான் நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும்: நீங்கள் கையெழுத்துப் போட்டது வீட்டுத் திண்ணையிலா, பதிவு அலுவலகத்திலா?

அடுத்தது, நிலம் அப்பாவுக்கு எப்படி வந்தது. எங்களுக்கு இரண்டு வகை. 1978-இல் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கிணற்றுத் தோட்டம் 2 ஏக்கர் 40 சென்ட். அது சுயார்ஜிதம். அப்பா இருந்தவரை அதில் எங்கள் யாருக்கும் எதுவும் கிடையாது. யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைத்திருக்கலாம், அண்ணனுக்கே முழுதும் உயில் எழுதியிருந்தால் நான் வாய் திறந்திருக்க முடியாது. எழுதாமல் போனதால் 1956-ஆம் வருஷத்துச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமபங்கு. நாலு பேர், ஆளுக்கு 60 சென்ட். கல்யாணம் ஆனதா இல்லையா என்ற கேள்வியே இதில் கிடையாது. 1956 முதலே கிடையாது. எத்தனை பெண்களுக்கு இது தெரியும்? 1989-இல்தான் பெண்ணுக்குச் சொத்துரிமை வந்தது என்று மேடையில் பேசுகிறவர்கள்கூட இதைப் பிரித்துச் சொல்வதில்லை.

இன்னொன்று அப்பாரு, அதாவது தாத்தா காலத்து ஒரு ஏக்கர், வாய்க்கால் பாசனம், பூர்வீகம். என் நெஞ்சில் இன்னும் ஆறாத இடம் இதுதான். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை என்று சட்டம் வந்தது. கலைஞர் ஆட்சியில். நல்ல சட்டம், நான் கும்பிடுகிறேன். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. எனக்கு 1986-இல் கல்யாணம். தங்கைக்கு 1992-இல். ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே வயலில் களை பிடுங்கினோம். அவளுக்கு உண்டு, எனக்கு இல்லை. பெண்களில் மூத்தவள் என்று சீக்கிரம் கட்டிக்கொடுத்ததற்கு இது தண்டனையா? அப்புறம் மத்திய அரசு 2005-இல் திருத்தம் கொண்டுவந்தது, செப்டம்பர் 9 முதல். அதில் கல்யாணத் தேதி பேச்சே இல்லை. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், மகளுக்கு உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்த பாகப்பிரிவினையோ கோர்ட் மூலம் பிரித்ததோ இருந்தால் அதைக் கலைக்க முடியாது, அந்தத் தேதிக்கு முன்பே விற்றிருந்தாலும் அப்படித்தான்.

கணக்கு இப்படி வந்தது. ஒரு ஏக்கரில் அப்பா, அண்ணன், நான், தங்கை ஆளுக்கு 25 சென்ட். அப்பாவின் 25 மறுபடி அம்மாவுக்கும் எங்கள் மூவருக்கும் ஆளுக்கு ஆறே கால். ஆக எனக்கு 31¼ சென்ட். வக்கீல் இதை ஒரு காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் காட்டினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

கோர்ட்டுக்குப் போகவில்லை. எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, நடுவில் உட்கார்ந்தார். இரண்டு மாதம் பேச்சு. அண்ணன் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். 2021-இல் நாலு பேரும் போய்ப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்தோம். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை என்றால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. கிரயம் என்றால் ஏழு சதவீதம். செலவுக்குப் பயந்து வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதில் ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்கிறேன். என் 60 சென்ட் தோட்டத்தின் கடைசியில் விழுந்தது. ரோட்டிலிருந்து அண்ணன் பாகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பத்திரம் எழுதியவர் நான்கு எல்லைகளை மட்டும் எழுதி, "தடம் எல்லாம் அண்ணன் தங்கச்சிக்குள்ள பேசிக்குங்க" என்றார். நான் விடவில்லை. மேற்குப் பொழியை (எல்லை வரப்பை) ஒட்டிப் பத்தடி வண்டித்தடம், கிணற்றில் நாலில் ஒரு பங்கு, மோட்டார் ஓட்ட வாரத்தில் செவ்வாயும் புதனும் என் முறை, கரண்ட் சர்வீஸில் என் உரிமை, எல்லாம் எழுத்தில் வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். இன்று அண்ணன் தடத்தை மறிக்க மாட்டார். அவர் பேரன் மறிப்பானா என்று யாருக்குத் தெரியும்? அதற்குத்தான் பத்திரம்.

"அம்மாவைப் பார்த்துக்கொண்டது அண்ணன், பங்குக்கு மட்டும் நீயா?" இதைக் கேட்காத உறவினர் இல்லை, இங்கும் யாராவது கேட்பார்கள். அம்மா தன் 66¼ சென்ட்டை அண்ணனுக்கே தான செட்டில்மெண்ட் எழுதினார். நானும் தங்கையும் கூட இருந்தோம், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அம்மாவின் சொத்து, அம்மாவின் இஷ்டம். ஒரே ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னேன்: கடைசிவரை அம்மாவைப் பராமரிக்கும் நிபந்தனைக்கு உட்பட்டு. அந்த வரி இருந்தால், பராமரிக்காமல் விட்டால் 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டப்படி அந்தச் செட்டில்மெண்டை ரத்து செய்யக் கேட்க வழி உண்டு. அண்ணன் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். ஆனாலும் எழுதச் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சீர் செய்தார்களே என்பவர்களுக்கும் சொல்கிறேன், சீர் கொடுத்தால் பங்கு கழியும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இந்த ஒரு பத்திரத்துக்காக நான் பட்ட பெரிய அலைச்சல் இனிஷியலுக்காக. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து. ரேஷன் கார்டில், வாக்காளர் அட்டையில், ஆதாரில் கணவரின் எழுத்து. வாரிசுச் சான்றிதழில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர். மூன்றும் ஒரே பெண்தான் என்று நிரூபிக்க உறுதிமொழிப் பத்திரம், சான்று, மறுபடி சான்று. ஒரு அலுவலகத்தில், "கல்யாணமானதும் மாத்திக்கிட்டிருந்தா இந்தப் பிரச்சினை வராதேம்மா" என்றார்கள். மாற்றியதால்தானே வந்தது! அண்ணனுக்கு அறுபது வயதிலும் பள்ளியில் சேர்த்தபோது இருந்த அதே எழுத்து. அவர் ஒரே ஒரு ஆதார் நகலோடு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நான் ஒரு கட்டு காகிதத்தோடு நின்றேன். கல்யாணமான பெண் பெயரை மாற்ற வேண்டும் என்று சட்டமே கிடையாது. என் மகளுக்கு 2016-இல் கல்யாணம் செய்தபோது ஒரு எழுத்தையும் மாற்ற விடவில்லை.

சரி, கேட்டவருக்கு. பதிவுத் துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் பாருங்கள். அண்ணன் ஏதாவது விற்றோ அடமானம் வைத்தோ பதிவு செய்திருந்தால் அதில் தெரியும். வாரிசுரிமை அதில் வராது, அதைப் பார்த்துவிட்டு "என் பெயரே இல்லையே" என்று கலங்க வேண்டாம். அப்பாவின் மூலப்பத்திரத்துக்கு அண்ணனிடம் போய் நிற்க வேண்டியதில்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்தால் சான்றிட்ட நகல் கிடைக்கும். பன்னிரண்டு வருஷம் அண்ணன் அனுபவித்துவிட்டால் அவருக்கே சொந்தம் என்று சொல்வார்கள். கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகவே கருதப்படும். ஆனால் "உனக்குப் பங்கு கிடையாது" என்று அவர் வெளிப்படையாக மறுத்தது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷக் கெடு ஓட ஆரம்பித்துவிடும். அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் அது எந்த வருஷம், யார் முன்னால் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். அதுவரை எந்தக் காரியத்துக்குப் போனாலும், யார் தாளை நீட்டினாலும், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி வாங்கிவந்துவிடுங்கள்.