ட்ராஃப்டில் பெயர் வராத ஐஸ் ஹாக்கி கோலிக்கு (கோல்கீப்பருக்கு) 18 வயதில் கதவு மூடிவிடுமா?

வணக்கம். 18 வயதாகும் உங்கள் பையனை என்.ஹெச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்) ட்ராஃப்டில், அதாவது அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், யாரும் எடுக்கவில்லை, கோலி வேலையை விட்டுவிடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதே சொல்லாதீர்கள். வட அமெரிக்கப் பையன் என்றால் 19, 20 வயதிலும் அவனை எடுக்கலாம்.

கோலிகள் தாமதமாகத்தான் முதிர்கிறார்கள். டிம் தாமஸைப் பாருங்கள். 1994-ல் 217-வது ஆளாக எடுக்கப்பட்டவர். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஆடினார், அப்புறம் பின்லாந்து, ஸ்வீடன், சிறிய லீக்குகள் என்று அலைந்தார். பாஸ்டன் அணியில் நிலையான இடம் கிடைத்தபோது வயது 31. 2011-ல் என்.ஹெச்.எல். சாம்பியனை முடிவுசெய்யும் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் வான்கூவரின் 37 ஷாட்டுகளையும் தடுத்து, ஒரு கோல்கூட விடவில்லை. அப்போது வயது 37! செர்கெய் போப்ரோவ்ஸ்கியை எந்த அணியுமே ட்ராஃப்டில் எடுக்கவில்லை. அவர் என்.ஹெச்.எல்.லின் சிறந்த கோலிக்கான வெசினா விருதை இரண்டு முறை வாங்கியவர்.

ஆனால் இடம் மிகக் குறைவு என்பதும் உண்மை. 32 அணிகள், ஓர் ஆட்டத்துக்கு அணிக்கு இரண்டே கோலிகள். அதிலும் ஒருவர் பெரும்பாலும் பெஞ்சில்தான். அதனால் படிப்போடு சேர்ந்து ஆட வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி நல்ல வழி. 2025 முதல் கனடாவின் மேஜர் ஜூனியர் என்ற இளையோர் லீக்குகளில் ஆடியவர்களும் அங்கே சேரலாம்.

இடுப்பையும் முழங்காலையும் இப்போதே ஒரு விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். முழங்காலை மடக்கிக் கீழே இறங்கி ஷாட்டைத் தடுக்கும் பட்டர்ஃபிளை பாணியில் அதிகம் அடிவாங்குவது அவைதான்.