சைடுபார் மேலே ஏறியது, எழுத்து அடியில் போனது

கேள்வி: பழைய இணையதளம் ஒன்றைப் பராமரிக்கிறேன். கட்டுரைப் பகுதி திரைக்கு ஏற்ப விரிய வேண்டும். வலப்பக்க சைடுபார் 240 பிக்சலிலேயே நிற்க வேண்டும். சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழி) இரண்டுக்கும் ஃப்ளோட் லெஃப்ட் (பெட்டியை இடப்பக்கம் ஒதுக்கி, அடுத்ததை அதன் பக்கத்தில் வரவிடும் கட்டளை), கட்டுரைக்கு 100% அகலம் கொடுத்தேன். சைடுபார் கீழே விழுந்தது. அதற்கு மார்ஜின்-லெஃப்ட் (இடப்பக்க வெளி இடைவெளி) மைனஸ் 240 பிக்சல் என்று போட்டதும் மேலே ஏறிவிட்டது. ஆனால் கட்டுரையின் வரிகள் அதன் அடியில் மறைகின்றன. என்ன செய்வது?

பதில்: பாதி வேலையைச் சரியாகவே முடித்திருக்கிறீர்கள்.

ஒரு ஃப்ளோட்டுக்கு அந்த வரிசையில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும்போது, பிரவுசர் அகலத்தோடு பேடிங் (உள் இடைவெளி), பார்டர் (விளிம்புக் கோடு), மார்ஜின் எல்லாவற்றையும் கூட்டித்தான் கணக்குப் போடுகிறது. உங்கள் சைடுபாரின் 240இல் மைனஸ் 240 சேர்ந்தால் பூஜ்யம். கட்டுரை வரிசை முழுவதையும் அடைத்திருந்தாலும், பூஜ்ய அகலத்துக்கு இடம் உண்டுதானே? அதனால்தான் ஏறியது. கட்டுரைப் பெட்டியோ இன்னும் 100% அகலத்திலேயே இருக்கிறது. தன்மேல் ஒருவர் வந்து உட்கார்ந்தது அதற்குத் தெரியாது.

ஆகவே அந்த இடத்தை நீங்கள்தான் காலி செய்து தர வேண்டும். கட்டுரைப் பெட்டிக்கு பேடிங்-ரைட் 260 பிக்சல் கொடுங்கள். 240 சைடுபாருக்கு, மீதி 20 இடைவெளிக்கு. கூடவே அதன் பாக்ஸ்-சைசிங்கை பார்டர்-பாக்ஸ் ஆக்குங்கள்; அப்போது பேடிங்கும் பார்டரும் அகலத்துக்குள்ளேயே அடங்கும். மறந்தால் பேடிங் 100%க்கு மேல் கூடி, சைடுபார் மறுபடி கீழே விழும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, 7 காலத்தில் பாக்ஸ்-சைசிங் கிடையாது, அதனால் உள்ளே இன்னொரு டிவ் (வெறும் பெட்டி) வைத்து அதற்கு மார்ஜின் கொடுத்தார்கள். பழைய தீம்களில் எதற்கென்றே தெரியாமல் ஒரு டிவ் கிடந்தால், பெரும்பாலும் இதுதான் கதை.

சைடுபாருக்கும் பார்டர்-பாக்ஸ் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால், பின்னால் யாராவது அதன் இடப்பக்கம் 1 பிக்சல் கோடு போட்டால் 241 ஆகிவிடும், அந்த மிச்ச 1 பிக்சலே அதைக் கீழே தள்ளப் போதும்.

சைடுபார் இடப்பக்கம் வேண்டுமென்றால் மைனஸ் 240க்குப் பதிலாக மைனஸ் 100%, பேடிங்கும் இடப்பக்கம். இந்தச் சதவீதம் சைடுபாரின் அகலத்தில் அல்ல, இரண்டையும் சுற்றியுள்ள பெட்டியின் அகலத்தில் கணக்காகும்.

அப்புறம், ஃபுட்டர் (பக்கத்தின் அடிப்பகுதி) இரண்டுக்கும் கீழே வர, அதற்கு கிளியர் போத். மொபைல் திரைக்கு மீடியா குவெரியில் (குறிப்பிட்ட திரை அகலத்தில் மட்டும் செயல்படும் விதி) ஃப்ளோட், மார்ஜின், பேடிங் மூன்றையும் நீக்கி, அகலத்தை ஆட்டோ ஆக்குங்கள்.

புதிதாக எழுதும் பக்கமாக இருந்தால் நான் இந்த வழிக்கே போகமாட்டேன். 2017இல் முக்கிய பிரவுசர்களுக்கு வந்துவிட்ட கிரிட்டில் (பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் வசதி) இரண்டு நெடுவரிசை, ஒன்றுக்கு 1 எஃப்ஆர் (மீதி இடம் முழுவதும்), மற்றதற்கு 240 பிக்சல் என்று ஒரே வரியில் வேலை முடியும்.