ஐப்பசியில் வெள்ளகவி ஏற ஜீன்ஸ் போதுமா?

பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவியிலிருந்து வெள்ளகவி மலைக்கிராமம் வழியாகக் கொடைக்கானலுக்கு ஐப்பசியில் நடக்க ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் ஒரு போர்வையும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, தம்பி.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரி குறையும். மதுரையில் 25 டிகிரி என்றால் அங்கே 13தான். குளிரைவிடக் கொடியது ஈரம். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த ஜீன்ஸ் மலையில் எளிதில் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். பாலியஸ்டர் கால்சட்டை, கம்பளி ஸ்வெட்டர், மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரவுக்கென ஒரு ஜோடி உடையைத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டிவையுங்கள். பகலில் அதைத் தொடவே கூடாது. நான் ஒருமுறை தொட்டேன். விடிய விடியப் பல் கிட்டித்தது.

கூட வருபவர் நடுங்கிப் பேச்சும் குழறினால் நடையை நிறுத்தி, ஈர உடையை மாற்றிவிடுங்கள்.

வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்பணிவதில்லை. எளிதில் கழற்றக்கூடிய காலணியே நல்லது. அட்டைப்பூச்சிக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அதற்கு முன், முழு மூட்டையோடு அழகர்மலையில் நூபுர கங்கை வரை ஒருமுறை ஏறிப் பாருங்கள். மூட்டையில் பாதி வேண்டாதது என்று அங்கேயே தெரிந்துவிடும்.